ஆந்தை மரத்தடியில் உடைத்த தேங்காய்

என் மனைவிக்கு ஆந்தை என்றால் உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

சபாக் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவளுக்கு ஆந்தைப் பெட்டி பார்க்கிற வேலை. செம்பனைப் பழத்தை எலி கடித்து நாசம் செய்யும். எலிக்கு விஷம் வைத்துக்கொண்டே இருப்பதைவிட ஆந்தையைக் குடிவைப்பது மேல் என்று, தோட்டம் முழுக்க இரும்புத் தூண் நட்டு உச்சியில் மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளை மூஞ்சி ஆந்தைகள் அதில் வந்து முட்டையிடும். எந்தப் பெட்டியில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, ஆந்தை கக்கிப்போட்ட எலும்பு உருண்டை கீழே எத்தனை கிடக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அதைச் செய்கிறாள். அதற்கு முன்னால் உதிரிப்பழம் பொறுக்கினாள்.

நான் லோரி ஓட்டியவன். செகிஞ்சான் வயலிலிருந்து நெல் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவேன். முதுகு விட்டுப்போனதால் இப்போது வீட்டோடு இருக்கிறேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கூட்டுவேன், விளக்குத் துடைப்பேன், பூசாரிக்குக் கூடமாட ஏதாவது செய்வேன். படிப்பு தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு சரி. ஆகவே பறவையைப் பற்றி நான் அறிவாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பார்த்ததை எழுதுகிறேன். அதையும் பார்க்க வைத்தவள் அவள்தான்.

அவள் ஆந்தை வேலைக்குப் போன நாளிலிருந்து அந்த விஷயத்தில் எங்களுக்கு ஒத்துவராது. எங்கள் வீட்டில் ஆந்தை அலறினால் அடுப்பில் உப்பைப் போடுவார்கள். ரோட்டில் அது குறுக்கே பறந்தால் நான் லோரியை நிறுத்தி, ஒரு நிமிடம் முருகா முருகா என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு, வேலை முடிந்து ஆந்தை நாற்றத்தோடு ஒருத்தி வந்தால் எப்படி இருக்கும்? முதல் ஆறு மாதம், குளித்துவிட்டுத்தான் சாமி அறைக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நாள் கேட்டாள்.

"எலி மருந்த கையில தொட்டுட்டு வர்றவன சாமி உள்ள விடுது. எலியப் புடிக்கிறது வந்தா மட்டும் தீட்டா?"

பிறகு நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

போன வருடம் தீபாவளி கழிந்து சில நாளில், அவள் ஒரு பெட்டியில் இரண்டு குஞ்சு என்று எழுதிக் கொடுத்தாள். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வேறு வேலையாக அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். மூன்று குஞ்சு. "என்னக்கா, ஒன்ன ஆந்தையே முழுங்கிடுச்சுன்னு நெனச்சீங்களா?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தப்பு. வீட்டுக்கு வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாள்காட்டியைப் பார்த்தாள், பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "இந்தக் கண்ணுல தேதியே இல்லைங்க" என்றாள்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அவளுக்குப் பத்து வருடமாக உண்டு. அது கண்ணுக்குள் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். இடது கண்ணில் உள்ளே ரத்தம் கசிந்து புகைபோல் மறைத்துவிட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. தை பிறந்ததும் ஊசியும் லேசரும் செய்யலாம் என்று நாள் கொடுத்தார். அவள் நேராகக் கேட்டாள், பார்வை திரும்புமா என்று. "இருக்கிறதைக் காப்பாற்றப் பார்ப்போம். போனது வரும் என்று நான் சொல்ல மாட்டேன்" என்றார் அந்த நல்ல மனிதர். பொய் சொல்லாததற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவர் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

காடியில் திரும்பி வரும்போது நான் மாரியம்மா, மாரியம்மா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். பாதி வழியில் சொன்னாள்.

"என்னங்க, தைக்கு முன்னால அந்த வடக்கத்தி ஆந்தையப் பாத்துடணும்."

அந்த வடக்கத்தி ஆந்தை அவளுக்குத் தெரிந்தது ஒரு சிக்குவால். சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர். சபாக்கில் ஓய்வு பெற்ற மலாய்க்கார ஆசிரியர் அம்மா ஒருவர், பறவை பார்ப்பதில் பைத்தியமானவர். எங்கள் தோட்டத்து ஆந்தைப் பெட்டிகளைப் பார்க்க வந்தவர், என் மனைவிக்குத் தோழியாகிவிட்டார். வடக்கே பனி கொட்டும் தேசங்களில் குளிர்காலம் வந்ததும் பறவைகள் தெற்கே கிளம்பிவிடும் என்று அவர்தான் சொன்னார். கோலசிலாங்கூர் சேற்றில் மார்கழியில் ஆயிரக்கணக்கில் இறங்குகிற நீண்ட மூக்குக் குருவிகள் எல்லாம் அப்படி வந்தவைதானாம். அவற்றோடு ஓர் ஆந்தையும் வருகிறது, பகலில் கடலோரத் தீவுகளில் மரத்தில் தூங்கும் என்று கைப்பேசியில் படத்தைக் காட்டினார். அன்றிலிருந்து இவளுக்கு அதே நினைப்பு.

"நம்ம ஆந்தை எல்லாம் இங்கயே பொறந்து இங்கயே எலி தின்னுட்டு சாகுது" என்பாள். "இது கடலத் தாண்டி வருதுங்க. என் முழங்கை நீளம்கூட இல்ல. யாரு அதுக்கு வழி சொன்னா?"

"கடவுள்தான்" என்பேன் நான்.

"அப்ப அந்தக் கடவுள் படைச்சத நீங்க ஏன் பாக்க மாட்டேங்குறீங்க?"

மார்கழியில் ஒரு சனிக்கிழமை என்று முடிவானது. சிக்கு, ஆற்றங்கரை ஊரான பாசிர் பெனம்பாங்கில் தனக்குத் தெரிந்த படகுக்காரரிடம் பேசிவைத்தார். ஆற்று முகத்துக்கு வெளியே இரண்டு சின்னத் தீவுகள், இரண்டையும் பார்ப்பது, கடல் தண்ணீர் வற்றுவதற்குள் திரும்புவது. என் அக்காவுக்கு எப்படியோ செய்தி போய், ரவாங்கிலிருந்து போன் அடித்தார்.

"மார்கழி மாசம் ஊரே கோயிலுக்குப் போவுது. நீ ஆந்த மூஞ்சியில முழிக்கப் போறியாமே?"

என் மனைவி போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ச் சொன்னாள். "முப்பது வருசமா ஒங்க தம்பி மூஞ்சியில முழிக்கிறேன் அண்ணி. இதுல என்ன கெட்டுடப் போவுது?"

அக்கா சிரித்துவிட்டார். அவள் சிரிக்க வைத்துவிட்டுப் போய் அடுப்படியில் நின்று, வலது கண்ணைக் கையால் மூடி மூடித் திறந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அப்போதே எனக்குள் ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடியலில் கோயிலில் மார்கழிப் பூசை முடிந்ததும், சாமிக்கு முன்னால் வைத்து எடுத்த ஒரு தேங்காய், கற்பூரம், தீப்பெட்டி, ஒரு பொட்டலம் விபூதி எல்லாவற்றையும் பைக்குள் அடியில் வைத்து, மேலே நாசிலெமாக் சோற்றுப் பொட்டலங்களை அடுக்கினேன். கடலில் போகிறோம், தெரியாத தீவில் கால் வைக்கிறோம். எந்தக் காடாக இருந்தாலும் அதற்கு ஒரு காவல் தெய்வம் இருக்கும். அங்கே இந்தத் தேங்காயை உடைத்து, இவள் கண்ணைக் கொடு என்று கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

படகுக்காரர் எழுபது வயதுச் சீனர். அரைக்கால் சட்டை, வெறும் உடம்பு, கழுத்தில் துண்டு. அறுபதைத் தொடப்போகிற என்னையும் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அவரோடும் சிக்குவோடும் மற்றப் பேச்செல்லாம் மலாயில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"எல்லாரும் மின்மினி பாக்க வர்றாங்க, கழுகு பாக்க வர்றாங்க. பேய்ப் பறவை பாக்கக் காசு குடுக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன் லா" என்றார். மலாயில் ஆந்தைக்குப் பேய்ப் பறவை என்றுதான் பெயர். நான் அவரைப் பார்த்த பார்வையில், இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரு கட்சி என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"பன்னண்டு மணிக்குத் தண்ணி ஓடிடும். அதுக்குள்ள படகுல இல்லன்னா ராத்திரிதான். நானும் இருக்க மாட்டேன்" என்று எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னார்.

ஆற்றைவிட்டு வெளியே வந்ததும் தலைக்கு மேலே செம்பருந்துகள் சுற்றின. கருடனைப் பார்த்தால் கும்பிடாமல் என்னால் இருக்க முடியாது. ஒன்றைக் கும்பிட்டேன். இன்னொன்று வந்தது. அதற்குள் நாலைந்து.

"இங்க ஒவ்வொரு கருடனுக்கும் கும்பிட்டா, கைய எறக்க நேரமிருக்காது. மொத்தமா ஒரு கும்பிடு போட்டுட்டு படகப் புடிச்சுக்குங்க" என்றாள்.

முதல் தீவு முழுக்க அலையாத்தி மரமும் சேறும். கரையில் சாம்பல் நிறக் குருவிகள் ஒரு பாய் விரித்தது போல் உட்கார்ந்திருந்தன. படகுச் சத்தத்துக்கு அவ்வளவும் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் திரும்பின. திரும்பும்போது எல்லா வயிறும் ஒரே நேரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வேறு பக்கம் இருந்தது. காதை அந்தப் பக்கம் கொடுத்திருந்தாள். "எவ்வளவு இருக்கும்ங்க? சத்தம் மழ மாதிரி இருக்கு" என்றாள். அந்த வெள்ளையை அவள் பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதுவரை அவளுடைய கண் இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லாவற்றையும் பழக்கத்தில் செய்துகொண்டிருந்தாள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அங்கே ஆந்தை இல்லை. சிக்கு ஒரு மணி நேரம் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

இரண்டாவது தீவு சிறியது. கொஞ்சம் மணல், கொஞ்சம் பாறை, நடுவில் மேடாக மரங்கள். மீன்பிடிக்க வரும் ஆட்கள் சில நாளுக்கு முன்னால் இங்கே பூனைக் கண் பறவை ஒன்றைப் பார்த்ததாகப் படகுக்காரர் சொன்னார். எந்த மரம் என்று தெரியாதாம். மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. சிக்குவும் என் மனைவியும் கரையோரமாகச் சுற்றிப்போய், தாழைப் புதர்ப் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வருவது என்று முடிவானது. என்னைப் பைகளோடு நிழலில் இருக்கச் சொன்னாள்.

"சத்தம் போடாம இருங்க. இருமல் வந்தா வாயப் பொத்திக்குங்க" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள்.

மேட்டில் ஒரு பெரிய மரம் இருந்தது, தண்டு நாலு பேர் கட்டிப்பிடிக்கிற அளவு. அதன் அடியில் சிவப்புச் சாயம் அடித்த சின்ன மாடம். மீன்பிடிக்கிற சீனர்கள் டத்தோவுக்கு வைத்தது. டத்தோ அந்த இடத்தைக் காக்கிற சாமி. நம் முனீஸ்வரன் மாதிரிதான். பழைய ஊதுபத்திக் குச்சிகள் நின்றன. நான் தேடி வந்த இடம் இதுதான் என்று பட்டது.

மாடத்தைச் சுற்றிச் சருகைக் கையாலேயே கூட்டினேன். கீழே வெள்ளை வெள்ளையாக எச்சம் கிடந்தது, அதையும் ஓர் இலையால் ஒதுக்கினேன். விபூதி வைத்தேன். கற்பூரம் ஏற்றினேன். காற்றில்லாததால் புகை நேராக மேலே போனது. அதுவே நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கண்ணைக் கேட்டு, மனதில் இருந்ததையெல்லாம் சொல்லி அழுதேன். பிறகு தேங்காயை மூன்று சுற்றுச் சுற்றி, பக்கத்துப் பாறையில் ஓங்கி அடித்தேன்.

தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. அதே நேரத்தில் தலைக்கு மேலே கிளையிலிருந்து ஏதோ ஒன்று விழுந்தது போல் வந்து, விழாமல், பக்கவாட்டில் போனது. பழைய துணி ஒன்று காற்றில் போவது போல. சத்தமே இல்லை. இறக்கைச் சத்தம்கூட இல்லை. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று நான் அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டேன்.

இப்போது இதை எழுதும்போது எனக்கே என்னை உதைக்க வேண்டும் போலிருக்கிறது.

தேங்காய்ச் சத்தம் கேட்டு அவர்கள் இருவரும் வேகமாக வந்தார்கள். என் மனைவிக்குக் கற்பூர வாசனை முதலில் தெரிந்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து, நான் கூட்டி ஒதுக்கின சருகைக் கையால் தடவினாள். அதிலிருந்து கட்டைவிரல் அளவில் ஓர் உருண்டையை எடுத்தாள். இரண்டு விரலால் பொடித்தாள். வலது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எலும்பு இல்ல. எல்லாம் வண்டு றெக்க" என்றாள். "சிக்கு, இது அதுதான். இந்த மரத்துலதான் தூங்கியிருக்கு."

பிறகு என்னைக் கேட்டாள். "மேலேர்ந்து ஏதாச்சும் பறந்துச்சா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். கையில் பாதித் தேங்காய் இருந்தது.

"பறந்துச்சு. சத்தமே இல்லாம. துணி மாதிரி."

படகுக்காரர் பின்னாலேயே வந்திருந்தார். மாடத்தைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். "நாங்க டத்தோவுக்கு ஊதுபத்திதான் வெப்போம். நீ குண்டு போட்டுட்டியே தம்பி" என்றார்.

என் மனைவி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு வேண்டிக்கிட்டீங்க?"

"ஒன் கண்ணுக்குத்தான்மா."

"கண்ணுக்கு வேண்டிக்கிட்டு, கண்ணு பாக்க வந்தத வெரட்டி விட்டுட்டீங்க."

கோபமாகத்தான் சொன்னாள். குரல் உடைந்திருந்தது. எனக்குக் கடலில் இறங்கிவிடலாம் போல் இருந்தது. ஆனால் அடுத்து அவள் செய்ததை என்னால் மறக்க முடியாது. மாடத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டாள். நான் வைத்த விபூதியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். "சாமிகிட்ட எனக்கு வருத்தம் இல்ல. ஒங்ககிட்டத்தான்" என்று சொல்லிவிட்டு, அந்த மரத்தின் வேரில் உட்கார்ந்து இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"எந்திரி, போய்த் தேடுவோம்" என்றேன்.

"எத வெச்சுத் தேடுறது? பேசாம இருங்க."

கொசு பிடுங்கியது. படகுக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுக் கரைக்குப் போனார். சிக்கு தான் கொண்டுவந்த தொலைநோக்கியின் மூன்று காலையும் மடக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, என் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் இருக்கும். எனக்குக் கேட்டதெல்லாம் அலையும் பூச்சியும்தான். அவள் கண்ணைத் திறக்காமல் ஒரு கையைத் தூக்கினாள்.

"அங்க. திட்டுறாங்க."

"யாரு?"

"தேன்சிட்டு. இன்னும் ரெண்டு மூணு சேந்திருக்கு. தூங்குற ஆந்தையக் கண்டா சின்னக் குருவிங்களுக்குப் பொறுக்காது, கூட்டமா நின்னு திட்டும். பாம்பப் பாத்தாலும் திட்டும். ஆனா பாம்புன்னா சத்தம் தரப்பக்கமா எறங்கும். இது மேலயே நிக்குது."

அப்போதும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிக்கு தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மெல்லத் தலையாட்டினார். நாங்கள் எழுந்தோம். வேர் தடுக்கும் என்று என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். வழி சொன்னது அவள்தான். "எடது பக்கம். இன்னும் கொஞ்சம். நில்லுங்க." வழி தெரியாத லோரிக்காரனைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நடத்துவது போல, கண்ணை மூடிக்கொண்டே என்னை நடத்தினாள். ஐம்பது அடி தள்ளி, கொடி அடர்ந்த ஒரு மரத்துக்கு எதிரே நிறுத்தினாள். இப்போது எனக்கும் கேட்டது. நாலைந்து சின்னக் குருவிகள் டிக் டிக் டிக் என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன.

சிக்கு தொலைநோக்கியை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் திருப்பினார். பிறகு அப்படியே அசையாமல் நின்றார். விலகி, என் மனைவியின் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

அவள் வலது கண்ணை வைத்தாள். நான் அவள் வாயையே பார்த்தேன்.

"பச்சையா இருக்கு" என்றாள். "நடுவுல தவிட்டு நெறமா ஒன்னு இருக்கு. கெளையா சிக்கு?"

"இல்லை. அதுதான்."

"மொகம் எங்க இருக்கு? ஒன்னும் பிரியல." கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். "கட்டையாத்தான் தெரியுது. எங்கயோ புக வந்து மறைக்குது." சிக்கு எதையோ திருகிச் சரிசெய்தார். அவள் மறுபடி பார்த்தாள். தலையை ஆட்டினாள். கடலோரத்திலிருந்து படகுக்காரர் ஒரு தடவை விசில் அடித்தார்.

அவள் நிமிரப்போனாள். சிக்கு, இரு இரு என்று கையை வைத்துத் தடுத்தார். ஒரு தேன்சிட்டு அந்த ஆந்தையின் முகத்துக்குப் பக்கத்திலேயே பாய்ந்திருக்கிறது.

"ஐயோ" என்றாள் என் மனைவி. "தெறந்துடுச்சு. மஞ்சள்! என்னங்க, மஞ்சளுங்க. ரெண்டு. மஞ்சக் கெழங்க அறுத்து வெச்ச மாதிரி. என்னையத்தான் பாக்குது."

அதற்குப் பிறகு அவள் கண்ணை எடுக்கவில்லை. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். நான் அவள் கன்னத்தில் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூடிக்கிச்சு" என்றாள். விலகி நின்றாள். "இப்ப நீங்க பாருங்க. பாத்து எனக்குச் சொல்லுங்க. ஒன்னையும் விடாதீங்க."

நான் பிறந்ததிலிருந்து ஓர் ஆந்தையின் முகத்தை நேராகப் பார்த்தவன் இல்லை. அவள் கொண்டுவந்து காட்டின படங்களைக்கூடப் பாதிக் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். மனதுக்குள் முருகா என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன்.

அடடா, அது என்ன அழகு! அலறிச் சாவைக் கூப்பிடுகிற பறவை என்றுதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே இருந்தது, நெடுந்தூரம் வண்டி ஓட்டிவந்து ஓரமாக நிறுத்திச் சீட்டிலேயே சாய்ந்துவிட்ட ஒரு டிரைவர். கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் குருவிகள் தூங்க விடமாட்டேன் என்கின்றனவே என்ற சலிப்போடு உட்கார்ந்திருந்தது. அந்த அசதி எனக்குத் தெரியும். அந்தச் சின்ன உடம்பு எத்தனை கடலைத் தாண்டி வந்திருக்கிறது. அதற்கு வழிகாட்டியவன்தானே எனக்கும் காட்டுகிறான். என் தேங்காய் அதை எழுப்பிவிட்டதை நினைத்து அதனிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"சொல்லுங்க" என்றாள்.

"தல உருண்டையா இருக்கு. நம்ம ஆந்தைக்கு மாதிரி தட்டு மூஞ்சி இல்ல. பருந்து சாயல். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, மூக்குக்கு மேல, வெள்ளையா விபூதி வெச்ச மாதிரி இருக்கு."

"ஒங்களுக்கு எல்லாமே விபூதிதான். சரி, நெஞ்சு?"

"வெள்ள. அதுல காப்பி வடிஞ்ச மாதிரி கோடு."

"கோடா பொட்டா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நெஞ்சுல கோடு. வயித்துப் பக்கம் வந்து பொட்டா மாறுது."

"காலு?"

"ஒத்தக் காலுலதான் நிக்குது. இன்னொன்ன மடக்கி உள்ள வெச்சிருக்கு. நெகம் கருப்பு."

"வாலுல பட்ட இருக்கா?"

"இருக்கு. நாலு."

"எண்ணுனீங்களா, குத்துமதிப்பா?"

எண்ணினேன். "அஞ்சு."

சிக்கு பக்கத்தில் நின்று, தமிழ் புரியாவிட்டாலும் என் கை போகிற இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். படகுக்காரர் இரண்டாம் தடவை விசில் அடிக்கவில்லை, நேரில் வந்துவிட்டார். "தம்பி! தண்ணி ஓடுது! பேய்ப் பறவைகூட குடும்பம் நடத்தப் போறியா?" என்றார். அவரையும் பிடித்துக் குனிய வைத்தேன். பார்த்துவிட்டு, "ம், சின்னதுதான்" என்றார். ஆனால் உடனே நிமிரவில்லை.

முழங்கால் அளவு சேற்றில் நடந்துதான் படகில் ஏறினோம்.

படகில் சிக்கு தன் பறவைக் குறிப்பேட்டை எடுத்தார். நாள், இடம் எல்லாம் எழுதிவிட்டு, பார்த்தவர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயரை எழுதப்போனார். கண்டுபிடித்ததே நீதானே என்றார்.

"கண்ணு ரெண்டும் மஞ்சள்ங்கிறது மட்டும் நான் பாத்தது. அத என் பேருல எழுதுங்க" என்றாள் என் மனைவி. "தல, நெஞ்சு, காலு, வாலு எல்லாம் இவரு பாத்தாரு. அத இவரு பேருல எழுதணும்."

"பார்த்தது பார்த்ததுதானே. ஏன் பிரிக்கிறாய்?"

"இல்ல சிக்கு. பாக்காத முட்டைய நான் எப்பவும் எழுதுனதில்ல. ஒரே ஒரு தடவ தப்பா எழுதிட்டேன். அது தெரியாம செஞ்சது. இத தெரிஞ்சு செய்ய மாட்டேன்."

சிக்கு அவள் சொன்னபடியே இரண்டு வரியாக எழுதினார். அந்த ஏட்டில் என் பெயர் வந்தது அப்படித்தான். லைசன்ஸ், ஐ.சி. என்கிற அடையாள அட்டை, சம்பளத்தாள், கோயில் வரவேற்புப் பத்திரிகை, இவற்றில் இல்லாத பெருமை எனக்கு அதில் உண்டு. ஆனால் அவள் பெயரில் உள்ள அந்த முதல் வரிக்கு முன்னால் என் வரி ஒன்றுமில்லை. என்னைப்போல் ஒருவன் பத்துத் தேங்காய் உடைத்தாலும் வராத ஒரு நேர்மை அவளிடம் இருக்கிறது.

தை மாதம் ஊசியும் லேசரும் நடந்தன. வலது கண்ணில் மிச்சமிருந்த பார்வை தங்கிவிட்டது. இடது கண் வரவில்லை. டாக்டர் சொன்னதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. மாரியம்மனுக்கு நான் நன்றி சொன்னேன், அவளும் சொன்னாள்.

தீவுக்குப் போன அன்றைக்குக் காடியில் திரும்பிய வழியைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சிக்கு தன் காடியில் முன்னால் போய்விட்டார். நாங்கள் இருவர் மட்டும். கால் எல்லாம் சேறு காய்ந்து இழுத்தது. தஞ்சோங் காராங் தாண்டுவதற்குள் "அந்தத் தல எப்படி இருந்துச்சுன்னு மறுபடி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். செகிஞ்சான் வயல் வந்தபோது, முழுவதையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டு பக்கமும் நாற்றுப் பச்சையாக நின்றது. அவள் கண்ணை மூடிச் சாய்ந்து கேட்டுக்கொண்டு வந்தாள். நான் நிறுத்தியதும் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"றெக்கைய விட்டுட்டீங்களே. றெக்க நுனி வாலுல எதுவரைக்கும் வந்துச்சு?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். பாதிவரை என்றோ முக்கால்வரை என்றோ சொன்னால் அவள் மனதில் அந்தப் பறவை முழுசாகியிருக்கும்.

"றெக்கைய நான் பாக்கலம்மா."

அவள் தலையை ஆட்டினாள். என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"சரி. அத விட்டுட்டு மறுபடியும் சொல்லுங்க."

தலையிலிருந்து ஆரம்பித்தேன்.